முக்கால் செக்கன்

மாரி தொடங்கி இரண்டு கிழமை போனால் யாழ்ப்பாணத்துக் கிணற்றடிகளின் நிறம் மாறிவிடும். சீமெந்துத் தரையில் முதலில் மங்கலாக ஒரு பச்சை தெரியும். அடுத்த கிழமை அது கால் வைத்தால் வழுவழுக்கும் படையாகியிருக்கும். குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும் பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில்தான் பெய்கிறது. மாமர நிழல் விழுந்த கிணற்றடி அந்த மூன்று மாதமும் காய்வதில்லை. முகம் கழுவல், குளிப்பு, உடுப்புத் தோய்ப்பு, ஏதனம் மினுக்கல் எல்லாம் அந்தத் தரையில்தான். பாசிக்கு மேலே சவர்க்கார நுரை. விடியப்புறம் ஐந்து மணிக்கு, பூப்பறிக்க முன் கால் கழுவ வரும் எழுபத்தைந்து வயது அம்மம்மா ஒருவருக்கு அங்கே என்ன நேரலாம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். "கிணத்தடியில சறுக்கி விழுந்திட்டா, நாரி எலும்பு முறிஞ்சு போச்சு" என்ற சேதி மாரியில் எட்டாத ஒழுங்கை குறைவு.

இந்த அத்தியாயம் அந்தச் சேதியில் வரும் 'சறுக்கி'க்கும் 'விழுந்திட்டா'வுக்கும் இடைப்பட்ட நேரத்தைப் பற்றியது. பெரும்பாலும் அது முக்கால் செக்கன். அதற்குள் புகுந்து எதையாவது செய்துவிட முடியுமா என்று பார்க்கத்தான் கைக்கடிகாரம், இடுப்புப்பட்டி, சப்பாத்துக்குள் வைக்கும் அட்டை, மோட்டார் பூட்டிய இடுப்புச் சட்டகம் என்று உடம்பில் அணியும் கருவிகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் சில உண்மையிலேயே கெட்டித்தனமானவை. ஆனால் கடையில் கிடைப்பவற்றில் அனேகமானவை விழுகையைத் தடுப்பதில்லை. விழுந்த பிறகு ஆள் கூப்பிடுகின்றன. இரண்டும் ஒன்றென்று நினைத்துக் காசு செலவழிப்பவர்கள் நம்மில் நிறையப் பேர்.

விடயம் சின்னதல்ல. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. தற்செயலான காயங்களால் நேரும் சாவுகளில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். அந்தச் சாவுகளில் ஐந்தில் நான்குக்கு மேல் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நேர்கின்றன. இலங்கையில் 2012 குடிசன மதிப்பீட்டின்போதே அறுபது வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். வடக்கில் இதற்கு மேல் ஒன்று சேர்கிறது: பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சூரிச்சிலும் இருக்க, பெரிய வளவுக்குள் வயோதிபர் இருவரோ ஒருவரோ தனித்திருக்கும் வீடுகள்.

குதிக்கும் தரைக்கும் இடையில்

நடக்கும்போது குதிக்கால் தரையைத் தொடும் கணத்தைப் பாருங்கள். கால் சாய்ந்து நிற்கிறது. அதனால் உடம்பின் பாரம் நேர் கீழே இறங்காமல் அதில் ஒரு பங்கு பாதத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தக் கிடை விசையை நிலைக்குத்து விசையால் வகுத்தால், சமதரையில் சாதாரண நடைக்கு 0.2 அளவில் ஓர் எண் வரும். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை: தரைக்கும் பாதத்துக்கும் இடையிலான உராய்வுக் குணகம் இந்த எண்ணுக்கு மேல் இருந்தால் பாதம் நிற்கும், கீழே போனால் வழுக்கும்.

உலர்ந்த, சொரசொரப்பான சீமெந்தில் அந்தக் குணகம் 0.5 ஐத் தாண்டும். தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல் கையிருப்பு உண்டு. சவர்க்காரத் தண்ணீர் நின்ற மினுமினுக்கும் மாபிள் தரையில் அது 0.1 க்கும் கீழே இறங்கிவிடலாம். காரணம், பாதத்தின் அடியில் அகப்பட்ட திரவம் ஓட வழியில்லாமல் மெல்லிய படையாக நின்றுகொள்வது. பாதம் அந்தப் படையின் மேல் மிதக்கிறது; தரையை அது தொடுவதே இல்லை. செருப்பின் அடியில் வெட்டுகள் விட்டிருப்பது இந்தத் திரவம் ஓடித் தப்புவதற்காகத்தான். இரண்டு வருடம் தேய்ந்த பாட்டாச் செருப்பில் அந்த வெட்டுகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

காலை எட்ட வைத்தால் சாய்வு கூடும், தேவைப்படும் உராய்வும் கூடும். பாசி கண்ட இடத்தில் கிழவிகள் அடியைச் சுருக்கி நடப்பதைப் பயம் என்று சிரிக்கிறோம். அது சுத்தமான பௌதிகம்.

பாதம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் வழுக்குவது அடிக்கடி நடக்கிறது; நமக்கே தெரியாது. பத்துச் சென்ரிமீற்றரைத் தாண்டினால் நிலைமை கையை மீறத் தொடங்குகிறது. முன்கால் முன்னே ஓட, உடம்பு பின்னே சரிகிறது. வழுக்கத் தொடங்கி 0.1 முதல் 0.2 செக்கனுக்குள் தொடையின் பின்தசைகள் ஓடும் காலை இழுத்துப் பிடிக்கப் பார்க்கும். மற்றக் கால் அவசரமாகப் பின்னே போய் ஊன்றும். கைகள் மேலே எழும்பும். இளம் வயதில் இது பெரும்பாலும் பலித்துவிடும். வயது போனவருக்குத் தசையின் வேகமும் குறைவு, பலமும் குறைவு. நீண்ட காலம் சீனி வருத்தம் உள்ளவர் என்றால் பாதத்தின் உணர்வே மங்கியிருக்கும். கால் வழுக்குகிறது என்ற சேதி பிந்தித்தான் போய்ச் சேரும். முக்கால் செக்கன் அளவில் இடுப்பு தரையில் மோதுகிறது, செக்கனுக்கு ஏறத்தாழ 3 மீற்றர் வேகத்தில். கல்சியம் கரைந்த தொடை எலும்பின் கழுத்துக்கு அது போதும்.

ஒரு எச்சரிக்கை: எல்லா விழுகையும் வழுக்கலால் வருவதில்லை. கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீபன் ரொபினோவிச்சின் குழு இரண்டு முதியோர் இல்லங்களில் கமராக்களைப் பூட்டி, உண்மையாக விழுந்த 227 விழுகைகளைப் பதிவுசெய்தது. 2013 இல் 'லான்செற்' இதழில் வந்த அந்த முடிவு பலரைத் திகைக்க வைத்தது. 41 வீதமானவை உடம்பின் பாரத்தைத் தவறாக இடம் மாற்றியதால் வந்தவை: திரும்பும்போது, எழும்பும்போது, எட்டி எதையோ எடுக்கும்போது. தடக்கி விழுந்தவை 21 வீதம். வழுக்கி விழுந்தவை 3 வீதம் மட்டுமே. ஆனால் அது காய்ந்த, சமதளமான, கைபிடிகள் பூட்டிய கட்டடம். அந்த 3 வீதத்தைக் கொண்டுவந்து நமது கிணற்றடிக்குச் சூட்ட முடியாது. அங்கே தரை என்ன நிலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதையும் அந்த எண் சேர்த்தே சொல்கிறது.

மணிக்கட்டு கடைசியில்தான் அறியும்

வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் கைக்கடிகாரத்துக்குள் இருப்பது, ஆர்முடுகலை அளக்கும் ஒரு சிலிக்கன் சில்லு. அதற்குள் தலைமயிரின் தடிப்பை விட மெல்லிய சிலிக்கன் விற்களில் ஒரு சிறு சிலிக்கன் துண்டு தொங்குகிறது. உடம்பு அசைய அந்தத் துண்டு கொஞ்சம் பின்தங்கும். அதன் விரல்களுக்கும் பக்கத்துச் சட்டகத்தின் விரல்களுக்கும் இடையிலான இடைவெளி மாறும். இடைவெளி மாறக் கொள்ளளவம் மாறும். அதைத்தான் சில்லு வாசிக்கிறது. 1990களில் கார்களின் காற்றுப்பைகளை எப்போது வெடிக்கவிடுவது என்று தீர்மானிக்கப் பெருவாரியாகச் செய்யப்பட்ட சாமான் இது. மலிந்து, சிறுத்து, இன்று ஒவ்வொரு கைபேசியிலும் இருக்கிறது. பக்கத்தில் சுழற்சியை அளக்கும் இன்னொரு சில்லு.

சும்மா நிற்கும்போது அந்தச் சில்லு புவியீர்ப்பின் அளவான 1 ஜி காட்டும். விழும்போது வாசிப்பு குறையும். மோதும்போது ஒரேயடியாகப் பல மடங்கு எகிறும். பிறகு அசைவில்லை. குறைவு, எகிறல், ஓய்வு: இந்த மூன்றும் வரிசையாக வந்தால் 'விழுந்துவிட்டார்' என்று கணினி முடிவுகட்டும். 2018 செப்ரெம்பரில் அப்பிள் நிறுவனம் தன் நான்காம் தலைமுறைக் கடிகாரத்தில் இதைச் சேர்த்த பிறகுதான் ஊர் உலகமெல்லாம் இதைப் பற்றிப் பேசத் தொடங்கியது. கடும் விழுகை என்று கண்டால் அது மணிக்கட்டில் தட்டி, சத்தம் போட்டு, நலமா என்று கேட்கும். ஒரு நிமிடமளவு அசைவே இல்லையென்றால் தானாக அவசர சேவையை அழைத்து, பதிந்து வைத்த ஆட்களுக்கும் சேதி அனுப்பும்.

நல்ல கருவிதான். ஆனால் வழுக்கலை முதலில் அறியும் உறுப்பு பாதம். மணிக்கட்டு கடைசியில்தான் அறியும். சில்லை மணிக்கட்டில் வைத்தது மனிதர் கடிகாரம் கட்டுவது அங்கே என்பதால். விழுகையை அறிய அதுதான் உகந்த இடம் என்பதால் அல்ல. போதாக்குறைக்கு, நாள் முழுக்க ஓயாமல் அசைவது கைதான். கல்லில் உடுப்பை அடித்துத் தோய்க்கும் கையிலும், தேங்காய் உடைக்கும் கையிலும், உலக்கை போடும் கையிலும் அந்தச் சில்லு கட்டியிருந்தால் எத்தனை எகிறல் வரும் என்று எண்ணிப்பாருங்கள். எகிறலுக்குப் பின் ஓய்வு வருகிறதா என்று பார்த்துத்தான் கடிகாரம் இவற்றைத் தள்ளுகிறது. மறுபக்கம், தலை சுற்றிச் சுவரோடு சாய்ந்து மெல்லச் சரிந்து இருந்துவிடுபவரிடம் எகிறலே வராது. அவரும் விழுந்தவர்தான், கடிகாரத்தின் கணக்கில் அவர் இருந்தவர்.

விழுகையைக் கண்டுபிடிக்கும் இந்தக் கணினி நிரல்கள் எங்கே கற்றன என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. ஆய்வுகூடத்தில் இளம் தொண்டர்கள் மெத்தையில் விழுந்து காட்ட, அதை அளந்து பெரும்பாலானவை செய்யப்பட்டன. எண்பது வயதுக்காரரை விழுத்திப் பார்க்க எந்த ஒழுக்கக் குழுவும் விடாதல்லவா. 2012 இல் ஐரோப்பிய ஆய்வாளர் சிலர், வெளியாகியிருந்த 13 நிரல்களை எடுத்து, வயது போனவர்கள் உண்மையிலேயே விழுந்தபோது பதிவான 29 விழுகைகளில் சோதித்தார்கள். சராசரியாக 57 வீதமானவற்றைத்தான் அவை கண்டுபிடித்தன. மெத்தையில் விழுந்தபோது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கண்டுபிடித்த நிரல்கள் அவை. அதற்குப் பிறகு கருவிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. என்றாலும் பாயில் இருந்து எழும்புகிற, குந்தியிருந்து மீன் வெட்டுகிற, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி தண்ணீர் வாளி தூக்குகிற உடம்புகளின் பதிவு அவற்றில் எவ்வளவு இருக்கும்?

இன்னொன்று. "தண்ணி பட்டாப் பழுதாப்போம்" என்று சொல்லி, கிணற்றடிக்கோ குளியலறைக்கோ போகுமுன் அம்மம்மா செய்யும் முதல் வேலை கடிகாரத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைப்பது.

செருப்பில்லாத கால்

சரி, சில்லைப் பாதத்தில் வைத்தால்? குதி ஊன்றிய பிறகு பாதம் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்க வேண்டும். நிற்க வேண்டிய பாதம் இன்னும் முன்னே போய்க்கொண்டிருந்தால் அது வழுக்கல். உடம்பு சரியுமுன்னே தெரிந்துவிடும். சப்பாத்து அட்டைக்குள் அமுக்க உணரிகளையும் அசைவு உணரிகளையும் பதித்து இதைச் செய்கிறார்கள். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தேர்மன் லொக்ஹார்ட் போன்றவர்கள் வழுக்கலின் இயக்கவியலுக்கே வாழ்நாளில் பெரும் பகுதியைக் கொடுத்திருக்கிறார்கள். எண்ணம் அருமையானது. அதை நல்லூருக்கோ நெடுந்தீவுக்கோ கொண்டுவந்தால், அணிவிக்கச் சப்பாத்து இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். குசினியில் வெறுங்கால், குளிப்பில் வெறுங்கால், கோவில் வீதியிலும் வெறுங்கால்.

வெறுங்காலை மனத்தில் வைத்து ஒரு தொழில்நுட்பம் செய்ய முடியாதா? 1968 இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற எலும்பு மருத்துவரும் செய்தார்கள். மேலைநாட்டுச் செயற்கைக்கால் சப்பாத்துக்குள் இருக்கச் செய்யப்பட்டது. அதோடு குந்த முடியாது, சேற்று வயலில் இறங்க முடியாது. அவர்கள் இறப்பரில் மனிதப் பாதம் போலவே, வெறுங்காலாக நடக்கவென்று ஒன்றைச் செய்தார்கள். 1987 இல் தொடங்கிய யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம், போரில் கால் இழந்தவர்களை நடக்க வைத்த வரலாறு குடாநாட்டில் எல்லாரும் அறிந்தது. கால் இழந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஓராண்டில் ஒரு முறையாவது விழுவதாக 2001 இல் ஒன்ராறியோவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. செயற்கைப் பாதத்துக்கு உணர்வு கிடையாது, வழுக்குவது தெரியாது. உணரி ஒன்றைப் பொருத்த அதை விட நல்ல இடம் வேறில்லை, கழற்றி வைக்க வேண்டிய செருப்பும் அதற்கு இல்லை. நமது பொறியியல் மாணவர் யாருக்காவது இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேவையென்றால் இதோ ஒன்று.

பாதத்தில் அணிந்து வழுக்கலைத் தடுக்கும் கருவி குடாநாட்டுக்குப் புதிதுமல்ல. பனை ஏறுபவரின் தளைநாரைப் பாருங்கள். இரண்டு பாதமும் ஒரு வளையத்துக்குள். பாதங்கள் மரத்தை இரு பக்கமும் அணைத்து நிற்கின்றன. உடம்பின் பாரம் கீழே இழுக்க, பாதங்கள் மரத்தைச் சுற்றி விலகப் பார்க்கும். தளைநார் விடாது. விலக முடியாத பாதம் மரத்தை இன்னும் இறுக்கி அமுக்கும். பாரம் கூட அமுக்கம் கூடும், அமுக்கம் கூட உராய்வும் கூடும். ஐம்பது கிலோக்காரருக்கும் எண்பது கிலோக்காரருக்கும் ஒரே தளைநார் வேலை செய்வது இதனால்தான். மின்கலமும் தேவையில்லை, நிரலும் தேவையில்லை. கண்டுபிடித்தவர் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

தானே இறுகும் இந்தப் பிடிக்கு ஒரேயொரு எல்லை உராய்வுக் குணகம். மரம் நனைந்து அது ஓர் அளவுக்குக் கீழே போனால் எவ்வளவு பாரமும் உதவாது. கை விட்டுப் பின்னே சரிந்தாலும் தளைநார் ஒன்றும் செய்யாது; அது வழுக்கலைத் தடுக்கும் கருவி, விழுபவரை ஏந்தும் கருவியல்ல. நாற்பது அடியிலிருந்து விழுபவர் தரையைத் தொட ஒன்றரைச் செக்கனுக்குச் சற்று மேல் எடுக்கும். கிணற்றடியில் விழுபவரை விட இரண்டு மடங்கு நேரம். சில்லு கண்டுபிடித்துக் காற்றுப்பையை ஊத அது தாராளம். ஆனால் தரைக்கு வரும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 55 கிலோமீற்றர். நின்ற நிலையில் விழுபவரின் இடுப்பு மோதலோடு ஒப்பிட்டால், உடம்பில் சேர்ந்திருக்கும் சக்தி 25 மடங்கு. இடுப்பில் கட்டும் எந்தக் காற்றுப்பையும் அதை வாங்காது. அவருக்கு வேண்டியது மரத்தைச் சுற்றி இடுப்போடு பிணைத்த கயிறு.

கேரளத்தில் கம்பிவடத்தால் மரத்தைக் கவ்விக்கொண்டு மிதித்து ஏறும் இயந்திரங்கள் பரவின. 2011 இல் இந்தியத் தென்னை வளர்ச்சி வாரியம் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற திட்டத்தில் அந்த இயந்திரத்தைக் கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தது. அதுவும் தளைநாரின் அதே தத்துவம்தான், இரும்பில். ஆனால் காலையும் மாலையும் மரம் மரமாக ஏறி இறங்கிப் பாளை சீவி முட்டி மாற்றுபவர், ஒவ்வொரு மரத்திலும் பூட்டிக் கழற்ற நிமிடங்களைச் செலவழிக்க மாட்டார். அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுக்காத பாதுகாப்புக் கருவி பனங்கூடலுக்குள் போகாது. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் தொடங்கியது. பனம் பண்டங்களுக்கு அது எவ்வளவோ செய்திருக்கிறது. ஏறுபவரின் இடுப்புக் கயிற்றுக்கும் அதே அளவு மினைக்கெட்டால் நல்லது.

விழுந்ததை அறிவிக்கும் கருவி உண்மையிலேயே பயன்படக்கூடியவர் இந்தப் பனையேறிதான். அவர் தனியே வேலை செய்பவர். பனங்கூடலுக்குள் விழுந்தால் கண்டெடுக்க மணித்தியாலங்கள் ஆகலாம். ஆனால் இப்படியான கருவியின் விளம்பரத்தில் எப்போதும் சிரிப்பது நரைத்த தலை மேல்நாட்டுத் தம்பதிதான்.

விழுமுன், விழும்போது, விழுந்தபின்

முக்கால் செக்கனுக்குள்ளேயே செயற்படும் கருவிகளும் உண்டு. பிரான்சின் ஹெலைற், அமெரிக்காவின் அக்ரிவ்புரொடெக்ரிவ் முதலிய நிறுவனங்கள் இடுப்புப்பட்டியாக ஒரு காற்றுப்பையைச் செய்தன. உடம்பு சரியும் கதியும் கீழிறங்கும் வேகமும் எல்லை தாண்டியதும், இடுப்பு தரையைத் தொடுமுன் வாயுக் குப்பி திறந்து இரு பக்கமும் பை ஊதிக்கொள்ளும். விழுகை நடக்கும், எலும்பு தப்பும். இத்தாலியின் சாந்தன்னா கல்விக்கூடமும் சுவிற்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனமும் 2017 இல் இன்னும் ஒரு படி மேலே போயின. இடுப்பிலும் தொடையிலும் பூட்டிய இலேசான மோட்டார்ச் சட்டகம், கால் வழுக்கிய 0.35 செக்கனில் அதை அறிந்து, தொடைகளுக்கு முறுக்கம் கொடுத்து ஆளை நிமிர்த்தியது. சோதித்தது எட்டு வயோதிபரிலும், முழங்காலுக்கு மேல் கால் இழந்த இருவரிலும். கண்டால் மலைப்பாகத்தான் இருக்கும். சேலைக்கு மேல் அதைப் பூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போகும் நாள் இன்னும் தூரம்.

எனக்கு இவற்றை விடப் பெரிதாகப்படுபவை வேறு இரண்டு. ஒன்று, போஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கொலின்சின் குழு 2003 இல் காட்டியது: பாதத்தின் கீழ், உணர முடியாத அளவுக்கு மெல்லிய, ஒழுங்கில்லாத அதிர்வைக் கொடுத்தால் வயது போனவர்கள் நிற்கும்போது ஆடுவது குறைகிறது. மங்கிய நரம்பை அந்த இரைச்சல் விழிப்பாக்குகிறது. சீனி வருத்தம் இவ்வளவு பரவிய ஊருக்கு இது கவனிக்க வேண்டிய வழி. மற்றது, சிக்காகோவில் யி-சுங் பாயின் குழு 2014 இல் வெளியிட்டது. 65 வயதைத் தாண்டிய 212 பேரைப் பாதுகாப்புக் கயிற்றில் தொங்கவிட்டு, திடீரென நழுவும் தளத்தில் நடக்க வைத்தார்கள். ஒரு பிரிவினரை ஒரே அமர்வில் 24 தரம் வழுக்க வைத்தார்கள். மற்றவர்களை ஒரு தரம் மட்டும். அடுத்த ஓராண்டில் முதற் பிரிவினரின் அன்றாட விழுகைகள் பாதியாகிவிட்டன. அந்த வயதிலும் உடம்பு ஒரு காலைப் பொழுதில் கற்றுக்கொள்கிறது, கற்றதை ஒரு வருடம் மறக்காமலும் இருக்கிறது. யாழ் பல்கலைக்கழகத்துக்கு மருத்துவ பீடம் 1978 முதல் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் இருக்கிறது. நழுவும் ஒரு தளம், கூரையில் ஒரு கயிறு, ஒரு பிசியோதெரபிஸ்ற்: கைதடி முதியோர் இல்லத்தில் இதைத் தொடங்க இவ்வளவும் போதும். அதே தளத்தில் வெறுங்கால் வழுக்கலை அளந்து பதிந்தால், நமது உடம்புகளின் பதிவு என்று நிரல்களுக்குக் கற்பிக்கவும் ஏதாவது இருக்கும்.

விழுந்த பின் கூப்பிடும் கருவியை நான் குறைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். தரையில் கிடக்கும் நேரம் கொல்லும். பேர்மிங்ஹாமில் 1981 இல் வெளியான ஆய்வில், விழுந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழும்ப முடியாமல் கிடந்தவர்களில் பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் இறந்திருந்தார்கள். எலும்பு முறியாதவர்களும் அதில் அடக்கம். அழுந்திய தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும், உடம்பு வறளும், நெஞ்சில் சளி கட்டும். கழுத்தில் ஆள் கூப்பிடும் பொத்தான் தொங்கியும் அதை அமுக்காமலே கிடந்தவர்கள் பலர் என்பது கேம்பிரிட்ஜில் தொண்ணூறு வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில் தெரிந்தது. ஆக்களைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்ற குணம் நமது கிழங்களுக்கு மட்டும் உரியதல்ல. தானாகக் கூப்பிடும் கடிகாரம் அந்த இடத்தில் உதவும்.

ஆனால் அது யாரைக் கூப்பிடுகிறது? பல வீடுகளில் கடிகாரத்தை அனுப்பிய மகனுடைய எண்தான் முதலாவது. யாழ்ப்பாணத்தில் விடிய ஐந்து மணி என்றால் ரொறன்ரோவில் முதல் நாள் பின்னேரம் ஆறரை அல்லது ஏழரை. அவர் வேலையால் வாகனத்தில் வந்துகொண்டிருப்பார். கண்டவுடன் பதறி அம்மாவுக்கு எடுப்பார், அம்மா எடுக்கமாட்டார், பிறகு ஊரில் யாருக்கு எடுப்பது என்று தேடுவார். அதற்குள் அரை மணி போய்விடும். 1990 என்ற எண்ணில் அழைக்கும் இலவச அம்புலன்ஸ் சேவை 2018 ஜூலை 21 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிவைக்கப்பட்டது முதல் வடக்கிலும் ஓடுகிறது. அதை நினைக்காமல் ஓட்டோவைக் கூப்பிட்டு, ஆளை மடித்து ஏற்றி, யாழ் போதனா வைத்தியசாலைக்கு ஓடும் பழக்கம் இன்னும் போகவில்லை. மரத்தால் விழுந்தவரை அப்படி மடித்துத் தூக்குவது முள்ளந்தண்டுக்கு ஆபத்து. நாரி முறிந்தவருக்குப் பெரிய வேதனை.

ஆகவே வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். கடிகாரம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முதல் கிணற்றடித் தரையைச் சுரண்டிச் சொரசொரப்பாகப் பூசக் காசு அனுப்புங்கள். கிணற்றடியிலும் மலசலகூடத்திலும் சுவரில் கைபிடிக் கம்பி, போகிற வழியில் இரவு எரியும் ஒரு குமிழ், தேய்ந்த பாட்டாவுக்குப் பதில் புதிது. தலைச்சுற்றுத் தரும் குளிசை எதுவும் இருக்கிறதா என்று வைத்தியரிடம் கேட்கச் சொல்லுங்கள். பிறகு கடிகாரம். அனுப்பினால், தண்ணீருக்குள்ளும் கட்டலாம் என்பதை அம்மாவுக்கு வீடியோவில் கட்டிக் காட்டுங்கள். அவசர எண்களில் உங்கள் பெயரை முதலாவதாகப் போடாதீர்கள். வேலிக்கு அப்பால் இருப்பவரின் எண்ணைப் போட்டு, அவருக்கு 1990 ஐச் சொல்லிக்கொடுத்து, வாசற் திறப்பு எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.